அன்னைக்கு ஒரு கீதை

நமது வீடுகளில் புண்ணிய கிரந்தங்களுக்குக் குறைவே இல்லை. பூஜை அறையிலோ அலமாரியின் மேல் தட்டிலோ பட்டுத் துணியில் சுற்றிய ராமாயணம் ஒன்று இருக்கும். அதன் பக்கத்தில் கீதை இருக்கும். தேவாரத் திரட்டோ, திவ்வியப் பிரபந்தமோ இருக்கும். சரஸ்வதி பூஜையன்று அவற்றையெல்லாம் வெளியே எடுத்து, தூசி தட்டி, சந்தனமும் குங்குமமும் இட்டு, அடுக்கி வைத்து நமஸ்கரிக்கிறோம். அன்றைய தினம் புஸ்தகத்தைத் திறக்கலாகாது என்பது சம்பிரதாயம். அந்த ஒரு நாள் சம்பிரதாயத்தை நம்மில் பலர் மற்ற 364 நாட்களுக்கும் நீட்டிக் கொண்டுவிட்டோம்!

காரணம் கேட்டால், நேரமில்லை என்கிறோம். உண்மைக் காரணம் அதுவன்று. தொடர்கதை வாசிக்க நேரம் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசவும் நேரம் இருக்கிறது. சமய நூல் என்றால் அது கஷாயத்தைப் போன்றது என்று நாம் மனத்துக்குள் தீர்மானித்து வைத்திருக்கிறோம். உடம்புக்கு நல்லதுதான், சந்தேகமில்லை; ஆனால் குடிக்கும்போது முகத்தைச் சுளிக்க வேண்டியிருக்கும். ஆகையால், வயதாகட்டும், பார்த்துக் கொள்ளலாம் என்று ஒத்திப் போடுகிறோம். அது கஷாயம் அல்ல, பாயஸம் என்று யாராவது ஒரு கரண்டி ஊற்றிக் காட்டியிருந்தால் நாம் இப்படி ஓடியிருக்க மாட்டோம்.

மகாத்மா காந்தியின் பால்யத்தில் அப்படி ஊற்றிக் காட்டியவர் ஒருவர் இருந்தார். போர்பந்தரில் தம்முடைய தகப்பனார் நோயுற்றிருந்த சமயத்தில், தினந்தோறும் மாலையில் லாதா மகராஜ் என்னும் ராம பக்தர் வந்து துளஸி ராமாயணம் வாசித்ததைக் காந்திஜி தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். லாதா மகராஜைக் குஷ்ட நோய் பீடித்திருந்ததாம். பிலேசுவரம் கோயிலில் மகாதேவருக்கு அர்ச்சித்த வில்வ இலைகளை உடம்பில் கட்டிக் கொண்டு, ராமநாமம் ஜபித்தே அவர் குணமடைந்தார் என்று ஊரார் நம்பினார்கள். அது எப்படியானாலும், கதை கேட்கையில் தாங்களும் அதை நம்பியதாகக் காந்திஜி சொல்லுகிறார். லாதா மகராஜின் சாரீரம் இனிமையானது. செய்யுளைப் பாடுவார், பொருள் சொல்லுவார், சொல்லும்போதே தம்மை மறந்து விடுவார், கேட்கிறவர்களையும் மறக்கச் செய்வார். அப்போது காந்திஜிக்கு வயது 13 இருக்கும். துளஸி ராமாயணத்தின்மீது தமக்கு ஆயுள் முழுவதும் இருந்த பக்திக்கு அந்த மாலை வேளைகளே அஸ்திவாரம் என்கிறார்.

பின்னர் குடும்பம் ராஜகோட்டைக்குப் போயிற்று. அங்கே ஏகாதசி தோறும் பாகவதம் வாசிப்பார்கள். காந்திஜி சில நாள் போய்க் கேட்டார். ஆனால் வாசித்தவரிடம் உற்சாகம் இல்லை. கேட்டவர் மனமும் ஒட்டவில்லை. பாகவதத்தில் குற்றமா? இல்லையே! பல வருஷங்கள் கழித்து, 1924-ம் ஆண்டில் ஹிந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக டில்லியில் 21 நாள் உபவாசம் இருந்தபோது, பண்டித மதன் மோகன் மாளவியா அதே பாகவதத்தின் மூலத்திலிருந்து சில பகுதிகளை வாசிக்கக் கேட்டார். இப்படிப்பட்ட ஒருவர் வாயால் இதைக் குழந்தைப் பருவத்திலேயே கேட்டிருக்கக் கூடாதா என்று அவருக்கு ஏக்கம் உண்டாயிற்று.

இந்த இரண்டு சம்பவங்களையும் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தொழிலைப் பற்றிய நினைவு வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் திருக்குறளை எப்படிக் கற்பிக்கிறோம்? பத்துக் குறளை மனப்பாடம் செய், அடி பிறழாமல் எழுது, இவ்வளவு மதிப்பெண் என்கிறோம். ஒரு குறளின் ஓசை பையனுடைய காதில் விழுந்து, அவன் முகத்தில் ஒரு சிரிப்போ வியப்போ தோன்றுவதற்கு முன்னாலேயே, இதில் வந்துள்ள அணி யாது என்று கேட்டுவிடுகிறோம். பரீட்சை முடிந்த அன்று மாலை மைதானத்திலேயே அவன் பத்தையும் உதறிவிட்டு வீட்டுக்குப் போகிறான். ராஜகோட்டையில் ஏகாதசி தோறும் பாகவதம் வாசித்தவரைக் குறை சொல்லும் யோக்கியதை உபாத்தியாயர்களாகிய எங்களுக்கு அதிகம் இல்லை.

புண்ணிய நூல் என்பதற்காக ஒவ்வொரு பக்கமும் தித்திக்க வேண்டும் என்பதும் இல்லை. இதை ஒப்புக் கொள்ளப் பலருக்கு அச்சம். காந்திஜிக்கு அச்சம் இல்லை. சீமையில் படித்த காலத்தில் ஒரு நண்பர் வற்புறுத்தியதன் பேரில் பைபிளை வாங்கி ஆரம்பத்திலிருந்து வாசித்தார். பழைய ஏற்பாட்டின் பல அதிகாரங்கள் தூக்கத்தையே வரவழைத்தன என்று எழுதுகிறார். ஆனால் புதிய ஏற்பாட்டுக்கு வந்து, இயேசுநாதரின் மலைப் பிரசங்கத்தை வாசித்தபோது அது நேரே நெஞ்சில் போய்த் தங்கிவிட்டது. தூக்கம் வந்த இடத்தை மறைக்காமல் சொல்லுகிறவருடைய வாக்கைத்தான், நெஞ்சில் தங்கிய இடத்தைப் பற்றியும் நாம் நம்ப முடிகிறது.

கீதை அவருக்கு வந்து சேர்ந்த விதமோ இன்னும் வேடிக்கையானது. 1889-ல் லண்டனில் பிரம்மஞான சங்கத்தைச் சேர்ந்த இரு சகோதரர்கள், எட்வின் ஆர்னால்டு இங்கிலீஷில் செய்த கீதை மொழிபெயர்ப்பைத் தங்களுடன் சேர்ந்து வாசிக்க வருமாறு அவரை அழைத்தார்கள். ஸம்ஸ்கிருதத்திலும் வாசித்ததில்லை, தாய்மொழியான குஜராத்தியிலும் வாசித்ததில்லை என்று சொல்ல அந்த இளைஞருக்கு வெட்கமாயிருந்தது. இருந்தாலும் உள்ளதைச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். பிறகு தென்னாப்பிரிக்காவில், 1903-ம் ஆண்டு வாக்கில், கீதையை நெட்டுருப் போடத் தொடங்கினார். எப்போது? காலையில் பல் துலக்கும்போது! அதற்கு 15 நிமிஷம், ஸ்நானத்துக்கு 20 நிமிஷம். எதிர்ச் சுவரில் சுலோகங்களை எழுதிய காகிதத் துண்டுகளை ஒட்டிவைத்து, பார்த்துப் பார்த்துச் சொல்லிக் கொள்ளுவாராம். இப்படியே 13 அத்தியாயங்கள் மனப்பாடம் ஆயின. நேரமில்லை என்று சொல்லுகிற நாம் அனைவரும் பல் துலக்கத்தான் செய்கிறோம்.

ஆனால் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்பியது காந்திஜியின் கதை அன்று; அவருடைய சீடர்களில் தலைசிறந்தவரான ஆசாரிய வினோபா பாவேயின் தாயாருடைய கதை. அந்த அம்மாள் புஸ்தகம் எதுவும் எழுதவில்லை. அவர் கேட்ட ஒரு கேள்வியால் ஒரு புஸ்தகம் உண்டாயிற்று.

ருக்மிணி பாய் என்பது அவர் பெயர். பள்ளிக்கூடப் படிப்புக் கிடையாது. அடுப்படியில் வேலை செய்து கொண்டே மகாராஷ்டிர பக்தர்களின் பாடல்களைப் பாடுகிற வழக்கம் உண்டு. நம் பாட்டிமார்கள் மோர் கடைந்து கொண்டே பாடுவார்களே, அதைப் போல. 1915-ம் ஆண்டில் குடும்பம் பரோடாவில் இருந்தது. ஊரில் நடந்த கீதைப் பிரசங்கம் ஒன்றுக்குப் போய்விட்டு வந்த அம்மாள், ஸம்ஸ்கிருத கீதை தமக்கு விளங்கவில்லை, மராத்தியில் ஒன்று வாங்கிவா என்று மகனிடம் சொன்னார். மகனுக்கு அப்போது வயது 20. வசனத்தில் உள்ள மொழிபெயர்ப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மாளுக்குத் திருப்தி இல்லை. வசனம் வேண்டாம், செய்யுளாக இருந்தால்தான் தமக்கு வாசிக்கச் சுலபம் என்றார். பிறகு வாமன பண்டிதர் என்ற பழைய மராத்திக் கவிஞர் சுலோகத்துக்குச் சுலோகமாகச் செய்த மொழிபெயர்ப்பு வந்தது. சில நாட்கள் வாசித்துப் பார்த்துவிட்டு, இதுவும் கடினமாக இருக்கிறதே என்றார் அம்மாள். இதைவிடச் சுலபமானது வேறு இல்லையே, என்ன செய்வது என்று கேட்டார் மகன். அப்படியானால் நீயே ஒன்று செய்துவிடேன் என்று சொல்லிவிட்டார் தாயார்!

அந்த அம்மாளின் வார்த்தையை நேயர்கள் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். விளங்கவில்லை என்பதைச் சொல்ல அவர் கூசவில்லை. நம் சபைகளிலே பிரசங்கம் நடக்கும்போது பாருங்கள். முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரையில் எல்லோரும் தலையை ஆட்டிக் கொண்டிருப்போம். பாதிப் பேருக்குப் பாதி விஷயம் புரிந்திருக்காது. ஆனாலும் ஆட்டம் நிற்காது. ருக்மிணி பாய் தலையை ஆட்டவில்லை. மேலும், பிறர் வாசிக்கத் தாம் கேட்டுப் புண்ணியம் சம்பாதித்தால் போதும் என்றும் அவர் இருக்கவில்லை. தாமே வாசிக்க வேண்டும், வாசித்ததை வேலைக்கு நடுவே வாய்க்குள் முணுமுணுத்துக் கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதனால்தான் செய்யுளைக் கேட்டார் என்பது என் ஊகம். அடுப்படியில் இருப்பவருக்கு இரண்டு கையிலும் வேலை. புஸ்தகத்தைப் பிடிக்கக் கை ஏது? நாவில் ஏறிக் கொள்ளுகிற செய்யுள்தான் அங்கே உதவும். பண்டிதர்கள் எளிமை என்று நினைத்தது வேறு. அந்த அம்மாளுக்கு எளிமை என்பது வேறு.

தாயார் கேட்டது உடனே நடந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே மகன் வீட்டை விட்டுப் புறப்பட்டுக் காசிக்குப் போனார். அங்கிருந்து காந்திஜியின் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். 1918-ல் தேசமெங்கும் விஷஜுரம் பரவிய காலத்தில் ருக்மிணி பாய் காலமானார். அவர் கையில் கொடுக்க மராத்தி கீதை அப்போது தயாராக இல்லை.

12 ஆண்டுகள் சென்றன. 1930 அக்டோபரில் வினோபா எழுத உட்கார்ந்தார். 1931 பிப்ரவரியில் முடித்தார். 700 சுலோகங்களும் சுலோகத்துக்குச் சுலோகமாக எளிய மராத்திச் செய்யுளாயின. அதற்கு அவர் வைத்த பெயர் 'கீதாயி'. மராத்தியில் 'ஆயி' என்றால் அம்மா. கீதையாகிய அம்மா என்றும் கொள்ளலாம். அம்மாவினுடைய கீதை என்று நாம் கொண்டாலும் பிசகில்லை.

புஸ்தகத்தை எழுதியவர் அடுத்த வருஷமே சிறைக்குப் போய்விட்டார். 1932-ல் சட்டமறுப்பு இயக்கம் மறுபடியும் மூண்டபோது வினோபாவைத் தூலியா சிறையில் அடைத்தார்கள். கூட இருந்தவர்கள் பலதரப்பட்டவர்கள். படித்தவர்களும் உண்டு, கிராமத்துக் குடியானவர்களும் உண்டு. கீதையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அவர்கள் கேட்டுக் கொள்ளவே, வினோபா பிப்ரவரி 21-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தார். ஞாயிறு தோறும் ஓர் அத்தியாயம். ஜூன் 19-ந் தேதி 18-வது ஞாயிற்றுக்கிழமை. அன்று 18-வது அத்தியாயமும் முடிந்தது. இதற்கு முந்திய தலைமுறையில் லோகமான்ய திலகர் மாந்தளைச் சிறையிலே பென்ஸிலால் 'கீதா ரகசியம்' எழுதினார். அது மகா பாண்டித்தியம் நிறைந்த நூல். தூலியாவில் நடந்ததோ பாண்டித்தியத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து பேசிய பேச்சு.

அந்தப் பேச்சு நமக்குக் கிடைத்ததும் ஒரு பாக்கியந்தான். கைதிகளில் ஒருவர் பாண்டுரங்க சதாசிவ ஸானே. 'ஸானே குருஜி' என்று மகாராஷ்டிரம் கொண்டாடுகிற எழுத்தாளர் அவரே. அமல்நேர் என்னும் ஊரில் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்தவர். 1930-ல் உத்தியோகத்தை விட்டுவிட்டுப் போராட்டத்தில் குதித்தவர். வினோபா பேசப் பேச, ஸானே குருஜி வேகமாகக் கையால் எழுதிக் கொண்டே வந்தார். அவருடைய எழுதுகோல் ஓடியிராவிட்டால் 18 ஞாயிற்றுக்கிழமைகளும் சிறைச் சுவருக்குள்ளேயே கரைந்து போயிருக்கும். உபாத்தியாயர்களைப் பற்றி மேலே கொஞ்சம் குறைவாகச் சொல்லிவிட்டேன் அல்லவா? ஸானே குருஜியின் பெயரால் அதை நேர் செய்து கொள்ளலாம்.

அந்தப் பிரசங்கங்களில் ரஸம் எப்படி ஊறுகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். 12-வது அத்தியாயத்தில் அர்ஜுனன் ஒரு கேள்வி கேட்கிறான். உருவத்தோடு கடவுளை வழிபடுகிறவன் சிறந்தவனா, உருவமற்ற பரம்பொருளை நாடுகிறவன் சிறந்தவனா என்பது கேள்வி. இதற்குப் பாஷ்யக்காரர்கள் எழுதிய விளக்கங்கள் அநேகம். வினோபா என்ன செய்தார் தெரியுமா? ராமாயணத்திலிருந்து இரண்டு தம்பிகளை அழைத்து வந்து நிறுத்தினார். லக்ஷ்மணன் அண்ணனை விட்டு ஒரு கணமும் பிரியாமல் காட்டுக்குக் கூடவே போகிறான், சேவை செய்கிறான். அது உருவத்தோடு கூடிய பக்தி. பரதனோ அண்ணனை விட்டுத் தூரத்தில் இருக்கிறான். அண்ணனுடைய காரியத்தையே தன் காரியமாகச் செய்து கொண்டு நினைவிலேயே வாழ்கிறான். அது உருவமற்ற பக்தி. இரண்டில் எது உயர்வு?

நேயர்கள் இந்தக் கேள்வியை இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் போட்டுப் பார்க்கலாம். சும்மா இருக்கும் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். கூடவே இருந்து கவனித்துக் கொள்ளுகிற பிள்ளைதான் பிள்ளை என்று ஒருவர் சொல்லுவார். அயலூரில் உத்தியோகம் பார்த்து மாதந்தோறும் பணம் அனுப்புகிற பிள்ளைக்கு மட்டும் பாசம் இல்லையா என்று இன்னொருவர் குரலை உயர்த்துவார். பரதன் பாதுகையைத் தலைமேல் சுமந்து கொண்டு திரும்பிய இடத்தைச் சொல்லும்போது பாட்டி கண்ணைத் துடைத்துக் கொள்ளுவாள். லக்ஷ்மணன் 14 வருஷம் தூங்கவே இல்லையாமே, நிஜந்தானா என்று கடைக்குட்டி கேட்பான். வேதாந்தத்தின் மிகக் கடினமான முடிச்சுகளில் ஒன்றை அந்தக் குடும்பம் தன்னை அறியாமலே அவிழ்த்துக் கொண்டிருக்கும். வினோபாவின் தீர்ப்பு, ஒன்று மற்றொன்றுக்குத் தாழ்ந்ததல்ல, ஒன்றில்லாமல் மற்றொன்று நிறைவு பெறாது என்பது. ஆனால் தீர்ப்பை முதலில் படித்துவிட்டால் வழக்கின் சுவை போய்விடும். வாதித்துவிட்டுப் படிப்பதே நல்லது.

சமய நூலில் ஆனந்தம் என்று சொன்னால், கண்ணை மூடிக் கொண்டு சமாதியில் ஆழ்வது என்று பலர் எண்ணுகிறார்கள். ஞானிகளுக்கு அது சாத்தியமாக இருக்கலாம். குடும்பஸ்தர்களாகிய நமக்குக் கிட்டுகிற ஆனந்தம் பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான்: வாய்விட்டு வாசிப்பது, வாசித்ததைப் பற்றிச் சண்டை போடுவது, ஒருவர் விட்ட இடத்தை மற்றொருவர் எடுத்துக் கொடுப்பது. ராஜாஜி 'வியாசர் விருந்து' என்ற பெயரால் மகாபாரதக் கதையை 'கல்கி' பத்திரிகையில் எளிய வசனத்தில் வாரா வாரம் எழுதியபோது தமிழ் வீடுகளுக்குக் கிடைத்ததும் இந்த விருந்துதான். கிறிஸ்தவக் குடும்பங்களில் மாலை ஜெபத்தின்போது வேதாகமத்தில் ஓர் அதிகாரம் வாசிப்பதும், அதைக் குழந்தையைக் கொண்டே வாசிக்கச் சொல்லுவதும் உண்டு. மார்கழியில் விடியுமுன் குழந்தைகள் திருப்பாவைக்கும் திருவெம்பாவைக்கும் கோயிலுக்கு ஓடுகிறார்களே, பொங்கலுக்காகத்தான் ஓடுகிறார்கள் என்று பெரியவர்கள் பரிகாசம் செய்கிறார்கள். செய்யட்டும். பொங்கலின் மணத்தோடு சேர்ந்து உள்ளே போன பாட்டு அறுபது வயதிலும் வெளியே போவதில்லை. பொங்கல் இல்லாமல் பரீட்சைக்காக உள்ளே போன பாட்டின் கதியைத்தான் முன்பே சொன்னேன்.

வினோபா இந்தச் சுவையைத் தம்முடைய மொழியோடும் தம்முடைய மதத்தோடும் நிறுத்திக் கொள்ளவில்லை. குர்ஆனை மூலத்திலேயே வாசிக்க வேண்டுமென்று அரபு மொழி பயின்றார். அதிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளைத் தொகுத்துப் பின்னாளில் வெளியிட்டார். 1942-ம் ஆண்டு இயக்கத்தில் கைதாகி, நம்முடைய வேலூர்ச் சிறைக்கு வந்தபோது, தென்னாட்டின் நான்கு மொழிகளையும் ஒரே சமயத்தில் கற்றுக் கொள்ள ஆரம்பித்தார். ஒன்று போதாதா என்று நமக்குத் தோன்றும். ஒவ்வொரு மொழியிலும் அடியார்கள் பாடி வைத்திருக்கும்போது எதை விடுவது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது போலும். 1956-லும் 1957-லும் பூதானத்துக்காகத் தமிழ்நாட்டில் கால்நடையாகச் சுற்றியபோது, அந்த வேலூர்ப் படிப்பு அவருக்குத் துணையாக வந்தது. தூலியாப் பிரசங்கங்களும் தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் வெளிவந்து விட்டன. கையில் எடுத்தால் சிரமமில்லாமல் வாசிக்கலாம்.

வார்தாவில் 'கீதாயி'க்கு ஒரு மந்திர் இருக்கிறது. மந்திர் என்றால் கோபுரமும் மண்டபமும் உள்ள கோயில் அல்ல. மேலே கூரைகூட இல்லை. 18 அத்தியாயங்களையும் கருங்கல் பலகைகளில் செதுக்கி, அவற்றையே சுவராக நிறுத்தியிருக்கிறார்கள். பட்டுத் துணி இல்லை. பூட்டிய அலமாரி இல்லை. வெயிலிலும் மழையிலும் எழுத்துகள் திறந்தே கிடக்கின்றன. ஸம்ஸ்கிருதம் அறியாத ஒரு தாயார் அந்தப் பக்கமாகப் போனால், கல்லில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டிக் கூட்டித் தம்முடைய சொந்த மராத்தியிலேயே வாசித்துக் கொண்டு போகலாம்.